முதல் எப்போது வந்து சேரும்?

சுயதொழில் என்ற சொல்லை அறியாத பெண்கள் இன்று எமது பிரதேசங்களில் இல்லை. 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்திலிருந்து கோழிக்கூடுகளும், தையல் இயந்திரங்களும், ஆடுகளும், இடியப்ப உரல்களும் எமது முற்றங்களுக்கு வந்து சேர்ந்தன. அவற்றோடு பயிற்சி வகுப்புகளும் வந்தன. அந்த வகுப்புகளில் அடிக்கடி அடிபடும் ஒரு சொல்தான் 'பிரேக் ஈவன்'. உயர்தரத்தில் கணக்கீடு படித்த பிள்ளைகள் இதனை 'இலாப நட்டமற்ற புள்ளி' என்று தமிழில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் பலருக்கு இச்சொல் வகுப்பு முடிந்ததும் மறந்துபோகிறது. கரும்பலகையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். மறுநாள் காலையில் மா குழைக்கும்போது அந்தக் கோடுகள் எங்கேயும் தெரிவதில்லை.

நான் சமூகவியல் படித்தவள். கணக்கீடு எனது பாடம் அல்ல. ஆனால் பெண்தலைமைக் குடும்பங்கள் மத்தியில் வேலை செய்யத் தொடங்கிய பின்னர், குடும்பங்களின் கதைகளில் பாதி கணக்குக் கொப்பிகளுக்குள்ளேதான் இருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டேன். ஒரு பெண் ஏன் இரவில் நித்திரை கொள்வதில்லை, ஏன் மகளைப் பள்ளிக்கூடத்தால் மறித்தார், ஏன் தவணைக்காரர் வரும் நாளில் அயல் வீட்டுக்குப் போய் இருக்கிறார் என்ற கேள்விகளுக்கு விடை தேடினால் அது பல வேளைகளில் இந்த ஒரு புள்ளியில் வந்து நிற்கிறது.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இச்சொல்லை விளங்கப்படுத்த முயன்றுகொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் எழுந்தார். "மிஸ், முதல் வந்து சேருற இடத்தைத்தானே சொல்லுறியள்? அதுக்கேன் இவ்வளவு பாடு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது முற்றிலும் சரி. போட்ட முதல் திரும்பிக் கைக்கு வந்து சேருகின்ற இடம். அதற்குக் கீழே நட்டம், அதற்கு மேலே இலாபம். 'முதலுக்கே மோசம்' என்று எமது பெரியவர்கள் சொல்வது அந்த இடத்தை எட்டாத வியாபாரத்தைத்தான்.

எனது அம்மாவும் இதை அறிந்திருந்தார். 2009இல் நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது அவர் கூடாரத்துக்கு வெளியே அடுப்பு மூட்டித் தோசை சுட்டு விற்றார். அவரிடம் இரண்டு மாப்பேணிகள் இருந்தன. விற்ற காசில் நாளைய உழுந்துக்கும் எண்ணெய்க்கும் விறகுக்கும் வேண்டியது முதலாவது பேணிக்குள் போகும். மிச்சம் இருந்தால் மட்டும் இரண்டாவது பேணிக்குள் போகும். எங்களுக்குப் பசித்தாலும் முதலாவது பேணியில் கைவைக்க விடமாட்டார். பல நாட்கள் இரண்டாவது பேணி வெறுமையாகவே இருந்தது. அம்மா எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகவில்லை. ஆனால் தன் வியாபாரம் எந்த நாளில் அந்தப் புள்ளியைத் தாண்டியது, எந்த நாளில் தாண்டவில்லை என்பதை அவருடைய பேணிகள் சொல்லின.

அப்படியானால் ஏன் எங்களில் பலர் தொழில் செய்தும் கடனாளியாகிறோம்? ஏனென்றால் பேணிக்குள் வராத செலவுகள் பல இருக்கின்றன. அவற்றை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் விளங்கிக்கொள்வதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலைகளை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

ஒரு சகோதரி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இடியப்பத்துக்கு மா, உப்பு, விறகு, பை எல்லாம் சேர்த்து 6 ரூபா முடிகிறது. கடைக்காரர் 10 ரூபாவுக்கு எடுக்கிறார். ஒவ்வொன்றிலும் 4 ரூபா மிஞ்சுகிறது. இந்த 6 ரூபாவை மாறும் செலவு என்கிறோம். கூட அவித்தால் கூடும், அவிக்காவிட்டால் இல்லை.

இன்னொரு வகைச் செலவு இருக்கிறது. ஒன்று அவித்தாலும் ஆயிரம் அவித்தாலும் அது அப்படியே நிற்கும். கடைகளுக்குக் கொண்டுபோகும் ஓட்டோவுக்கு நாளுக்கு 300 ரூபாப்படி 26 நாட்களுக்கு 7,800 ரூபா. கடனுக்கான வட்டி மாதம் 1,000 ரூபா. உரல், தட்டு, பானை தேய்ந்து பழுதாவதற்கு 700 ரூபா. வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் 500 ரூபா. மொத்தம் 10,000 ரூபா. இது நிலையான செலவு.

இப்போது 10,000ஐ 4ஆல் பிரியுங்கள். 2,500 வருகிறது. மாதம் 2,500 இடியப்பம், அதாவது நாளுக்கு 97 விற்றால்தான் போட்ட காசு திரும்பி வருகிறது. தொண்ணூற்றெட்டாவது இடியப்பத்திலிருந்துதான் இலாபம் தொடங்குகிறது. பிரேக் ஈவன் என்பது இவ்வளவுதான். நிலையான செலவை, ஒன்றில் மிஞ்சும் காசால் பிரிப்பது. அமெரிக்கப் பேராசிரியர்கள் வரைபடம் போட்டுத் தொழிற்சாலைகளுக்குக் கற்பித்ததும் இதே பிரித்தல் கணக்கைத்தான்.

இந்தச் சகோதரி நாளுக்கு 150 இடியப்பம் விற்கிறார் என்று கொள்வோம். மாதம் 3,900. அதில் மிஞ்சுவது 15,600 ரூபா. நிலையான செலவு 10,000 போக 5,600 ரூபா இலாபம். அறிக்கையில் இவரை 'வெற்றிகரமான பயனாளி' என்று எழுதுவார்கள். புகைப்படமும் எடுப்பார்கள். ஆனால் இந்தக் கணக்கில் ஒருவர் விடுபட்டிருக்கிறார். அவர் அந்தச் சகோதரிதான்.

அவர் அதிகாலை இரண்டரை மணிக்கு எழும்புகிறார். ஏழு மணி வரை அடுப்படியில் நிற்கிறார். நாலரை மணித்தியாலம். மாவுக்குக் காசு, விறகுக்குக் காசு, ஓட்டோவுக்குக் காசு. அவருடைய கைக்கும் முதுகுக்கும் மட்டும் காசு இல்லை. 5,600 ரூபாவை 26 நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்கு 215 ரூபா. அந்த நேரத்தில் அவர் வேறொருவரின் தோட்டத்தில் வேலை செய்தால் இதைவிடக் கூடவே கிடைக்கும். அவருடைய உழைப்புக்கு நாளுக்கு 800 ரூபா என்று போடுவோம். மாதம் 20,800 ரூபா. நிலையான செலவு 30,800 ஆகிறது. 4ஆல் பிரித்தால் மாதம் 7,700, நாளுக்கு 297 இடியப்பம். 97 இல்லை, 297! இலாபம் என்று நாம் நினைத்தது அவருடைய சொந்தக் கூலியின் ஒரு துண்டுதான்.

பங்களாதேசத்தில் முஹம்மது யூனுஸ் 1976இல் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்கு மொத்தம் 27 டொலர் கடன் கொடுத்ததிலிருந்துதான் கிராமீன் வங்கியின் கதை தொடங்குகிறது. அவர் அங்கே கண்ட ஒரு பெண் மூங்கில் முக்காலி பின்னுபவர். மூங்கில் வாங்க 5 டாக்கா கடன் கொடுத்த வியாபாரியிடமே முக்காலியை விற்கவேண்டும். ஒரு முக்காலியில் அவருக்கு மிஞ்சியது 50 சதம்தான். அவருக்கு ஒருநாளும் 'நட்டம்' வரவில்லை. முதல் ஒழுங்காகவே வந்து சேர்ந்தது. ஆனால் அவர் பட்டினியோடு இருந்தார். தன் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத பிரேக் ஈவன் ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது போதும்.

"எங்கட மினக்கேட்டை ஆர் பிள்ளை கணக்குப் பாக்கிறது? வீட்டில சும்மா இருக்கிற நேரம்தானே" என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். அவர் கணவரை யுத்தத்தில் இழந்தவர். மூன்று பிள்ளைகள், படுக்கையில் மாமியார், கிணற்றடியில் தண்ணீர் அள்ளல், பாடசாலைக் கூட்டம் எல்லாம் அவர் தலையில்தான். 'சும்மா இருக்கிற நேரம்' அவருக்கு எங்கே இருக்கிறது? பெண்ணின் வீட்டு வேலைக்கு விலை இல்லை என்று சமூகம் எமக்குச் சொல்லிப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கம்தான் கடைக்காரர் இடியப்பத்துக்கு 10 ரூபா சொல்லும்போது எம்மைத் தலையாட்ட வைக்கிறது.

அடுத்தது திரும்பி வரும் சாமான். இடியப்பம் மறுநாளைக்கு நிற்காது. 150இல் 10 விலைப்படாமல் திரும்பினால் 'பத்துத்தானே, பிள்ளைகள் சாப்பிடட்டும்' என்கிறோம். அந்தப் பத்துக்கும் மா போட்டோம், விறகு எரித்தோம். நாளுக்கு மிஞ்சவேண்டிய 600 ரூபா 500 ஆகிறது. மாதம் 2,600 ரூபா குறைகிறது. 5,600 ரூபா இலாபம் 3,000 ஆகிவிடுகிறது. பத்து இடியப்பம் இலாபத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடுகிறது.

இனி, எங்கள் பெண்களை அதிகம் வருத்திய விடயத்துக்கு வருகிறேன். அது தவணை.

50,000 ரூபா கடன். வருடத்துக்கு 24 வீத வட்டி. 52 கிழமைகளில் கட்டவேண்டும். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000. கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. கேட்கும்போது 24 வீதம் பெரிதாகத் தெரியாது. ஆனால் நாங்கள் ஒவ்வொரு கிழமையும் முதலையும் சேர்த்துத் திருப்பிக் கட்டுகிறோம். அரை வருடத்தில் கையில் இருக்கும் கடன் பாதிதான். வட்டியோ முழு 50,000க்கும் கணக்கிடப்பட்டுவிட்டது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி சுமார் 44 வீதம்.

மேலே நிலையான செலவில் நான் சேர்த்தது வட்டி 1,000 ரூபா மட்டும். ஆனால் முதலுக்கும் மாதம் 4,167 ரூபா கையை விட்டுப் போகிறது. இலாபம் 5,600 என்றால் கையில் நிற்பது 1,433. பத்து இடியப்பம் திரும்பி வந்து இலாபம் 3,000 ஆனால், 1,167 ரூபா துண்டு விழுகிறது. வியாபாரம் பிரேக் ஈவனைத் தாண்டி நிற்கிறது, ஆனால் தவணை கட்டக் கையில் காசில்லை! இந்த 1,167 ரூபாவுக்காகத்தான் இரண்டாவது கடன் வருகிறது. இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. தோடு அடகு வைக்கப்படுகிறது. 'உழைக்கத் தெரியாதவள்' என்ற பெயரும் வருகிறது. அவள் உழைக்காமல் விட்டது எந்த நாள்?

கோழி வளர்ப்பில் இது இன்னும் கடுமை. ஒருநாள் குஞ்சாக வாங்கினால் முட்டையிட 20 கிழமைகள் அளவில் செல்லும். தவணை அடுத்த கிழமையே தொடங்கிவிடும். முதல் முட்டையைக் காணுமுன்னரே 20 தவணைகள், அதாவது 23,840 ரூபா கட்டியாக வேண்டும். ஆடும் அப்படித்தான். சினைப்பட்டால் குட்டி ஈன ஐந்து மாதம். உயிர்கள் தங்கள் காலத்துக்குத்தான் தருகின்றன. கிழமைத் தவணைக்கு அவை முட்டை இடுவதில்லை.

இது ஒரு தனிப் பெண்ணின் கெட்டித்தனம் பற்றிய விடயம் அல்ல என்பதை நாடே கண்டது. 2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரை நுண்கடன் பெற்றுத் தவணை தவறிய பெண்களின் கடனை இரத்துச் செய்ய முன்வந்தது. அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஒருவர் இலங்கைக்கு வந்து, நுண்கடன் பெண்களை எவ்வாறு வதைக்கிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். 2021 மார்ச் 8ஆம் திகதி, பெண்கள் தினத்தில், பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடவில் சிங்களச் சகோதரிகள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கி நாட்கணக்காக வீதியோரம் இருந்தார்கள். மொழி வேறு. தவணைக் கொப்பி ஒன்றுதான்.

பிரேக் ஈவன் ஒருமுறை கணக்குப் பார்த்துவிட்டு மூடி வைக்கும் கணக்கும் அல்ல. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாகியது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. கரையோரத்தில் மீன் வாங்கிக் கருவாடு போடும் பெண்களின் முதல் அந்த ஒரு நாளிலேயே மாறிவிட்டது. படகுக்கு எண்ணெய் ஏறினால் மீனின் விலை ஏறும். அந்த நாட்களில் பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தவர்கள் 'வாடிக்கை போய்விடும்' என்று பயந்தார்கள். வாடிக்கை நின்றது, முதல் போய்விட்டது. சாமான் விலை மாறும் ஒவ்வொரு தடவையும் இக்கணக்கை மீண்டும் போடவேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் இடியப்பக் கணக்குக்கே திரும்பிப் போவோம். உழைப்புக்கூலியும் சேர்த்து நாளுக்கு 297 விற்கவேண்டியிருந்தது. அயலில் அவிக்கும் இன்னொரு பெண்ணோடு ஓட்டோவைப் பங்கு போட்டால் கூலி பாதியாகிறது. 297 என்பது 259 ஆகக் குறைகிறது. விலையை 2 ரூபா கூட்டி 12 ஆக்கினால், ஓட்டோவைப் பங்கு போடாமலே 198 ஆகிறது. இரண்டையும் செய்தால் 173. நாளுக்கு 150 விற்பவருக்கு 297 எட்டாத உயரம். 173 எட்டக்கூடியது.

ஆனால் தனியே ஒருத்தி போய் 12 ரூபா கேட்டால் கடைக்காரர் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் 10 ரூபாவுக்கு எடுப்பார். ஒரு கிராமத்தில் அவிக்கும் எல்லோரும் சேர்ந்து கேட்டால் அவர் யோசிப்பார். சங்கம் என்பது கூட்டத்துக்குக் கையொப்பம் வைப்பதற்கு மட்டும் அல்ல. விலை பேசுவதற்கும் அதுதான் எமது பலம். கடன் வேண்டுமானாலும் முதலில் எமது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தையும் மாதர் சங்கச் சுழற்சிக் கடனையும் கேட்டுப் பார்ப்போம். அங்கே எமது நிலைமை தெரிந்தவர்களிடம், முட்டை இடும் காலம் வந்தபின் தவணையைத் தொடங்குங்கள் என்று பேசவாவது இடமிருக்கிறது.

கடன் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் நான்கு கேள்விகளைக் கொப்பியில் எழுதி விடை போடுங்கள். நாளுக்கு எத்தனை விற்றால் எனது முதல் வந்து சேரும்? எனது கூலியையும் சேர்த்தால் எத்தனை? அத்தனையையும் வாங்க எனது ஊரில் ஆட்கள் இருக்கிறார்களா? முதல் வருமானம் முந்தியா, முதல் தவணை முந்தியா? எழுத வராவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பிள்ளைக்கும் அம்மாவின் உழைப்பு எவ்வளவு என்று விளங்கும். இந்த விடைகளில் ஒன்று பிழைத்தாலும் அந்தக் கடனை எடுக்காமல் விடுவது தோல்வி அல்ல. தொழில் உதவி தருபவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தவணை கட்டப்போவது அவர் அல்ல.

அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசிய அம்மா பின்னர் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். "பிள்ளை, எங்களுக்குப் போனதெல்லாம் எந்தக் கணக்கிலயும் திரும்பி வராது. அதை நான் கணக்கில போடுறேல்ல." அவர் இரண்டு மகன்மாரை இழந்தவர். அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு எந்தப் படிப்பிலும் வார்த்தை இல்லை. இழந்தவர்களுக்குப் பிரேக் ஈவன் என்றொரு புள்ளி கிடையாது. நிறுவனங்கள் கொடுத்த ஒரு தையல் இயந்திரத்தாலோ ஐந்து ஆடுகளாலோ அந்தப் பக்கம் சமப்படப்போவதில்லை. அப்படிச் சமப்பட்டுவிட்டதாக எவரும் அறிக்கை எழுதவும் கூடாது.

ஆனால் இன்று விடியப்புறம் இரண்டரை மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டிய அந்த நாலரை மணித்தியாலம் கணக்கில் வரக்கூடியது. அதற்கு விலை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம். கணக்கில் போடமுடியாத இழப்புகளைச் சுமக்கும் பெண்கள், கணக்கில் போடக்கூடிய உழைப்பையும் இலவசமாகக் கொடுக்கவேண்டியதில்லை. சகோதரிகளே, இந்த மாதம் ஒரு கொப்பி வாங்குங்கள். முதலாவது வரியில் மாவின் விலையை எழுதுமுன் உங்கள் நாட்கூலியை எழுதுங்கள்.